அழகுநாச்சியின் நத்தை

மழைக்கே வழி தெரியாத ஒரு பாலைவனத்தில், மண்ணுக்கடியில் எண்ணெய் போகிற குழாயைப் பழுதுபார்க்க வந்த நாற்பத்தோரு ஆட்கள், சிவகங்கை, ராமநாதபுரம், தேனிப் பக்கத்துக்காரர்கள், ஏழாம் நம்பர் கேம்ப் என்று பெயர் வைத்திருந்த தகரக் கொட்டகைகளில் குடியிருந்தார்கள். போன மாசியில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், கேம்பைச் சுற்றியிருந்த கம்பிவேலியில் ஒட்டிக்கிடந்த நத்தைகள் எல்லாம் நிறம் மாறியிருந்தன.

அதுவரைக்கும் அவற்றை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. சுண்ணாம்பைக் கிள்ளிக் கிள்ளி அப்பி வைத்தது மாதிரி, தரைச்சூட்டுக்குப் பயந்து மேலே ஏறி, வாயை அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும் வெள்ளை வெள்ளையான ஓடுகள். ஒன்றிரண்டில் பழுப்பாக ஒரு கோடு ஓடும், அவ்வளவுதான். அன்றைக்குப் பல் விளக்கிக்கொண்டே வேலிப்பக்கம் போன சேவுகப்பெருமாள்தான் முதலில் பார்த்தான். கண்ணுக்கு நேரே ஒரு நத்தை வெங்காயத்தோல் நிறத்தில், ஓரத்தில் மெல்லிசாக ஒரு பச்சைக் கரையோடு உட்கார்ந்திருந்தது. அந்த நிறம் அவனுக்குத் தெரியும். லீவுக்குப் போயிருந்தபோது சிங்கம்புணரிக் கடையில் இதுதான் வேணும் என்று அவனே பிடிவாதமாக எடுத்துக் கொடுத்த புடவை அது.

வாயைக் கொப்பளிக்காமலே ஊருக்குப் போன் போட்டான்.

"அழகு, இன்னைக்கு என்ன புடவை கட்டியிருக்க?"

"வேலை நேரத்துல இதென்ன கேள்வி மாமா?"

"சொல்லு புள்ள."

"வெங்காயக் கலரு. நீங்க எடுத்துக் கொடுத்தது. ஏன், கனவு கினவு கண்டீகளா?"

ஒரு வாரத்துக்குள் நாற்பத்தோரு பேரும் அவரவர் நத்தையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஊரில் எவள் அவனுக்காகக் காத்திருக்கிறாளோ, பெண்டாட்டியோ அம்மாவோ, அவள் காலையில் எதைக் கட்டுகிறாளோ அதையே நத்தையும் கட்டியது. அவள் சாயங்காலம் குளித்து மாற்றினால் இதுவும் மாற்றியது. அவள் கோயிலுக்கு மஞ்சள் கட்டினால் வேலியில் ஒரு மஞ்சள் பூத்தது. இந்தக் காலத்துப் பொம்பளைகள் வீட்டில் நைட்டியோடுதான் நடமாடுகிறார்கள் என்பதால் பாதி ஓடுகள் பூப்போட்டதாகவே இருந்தன. லாரி ஓட்டுகிற அருளப்பன், தேவகோட்டைக்காரன், தன் சம்சாரம் நாலு நாளாக ஒரே நைட்டியில் இருப்பதைப் பார்த்துப் பதறிப்போய்க் கேட்க, அவளுக்குக் காய்ச்சல் என்பது அப்படித்தான் தெரியவந்தது. போர்மேன் மட்டும், இதென்ன அசிங்கம், தண்ணி அடித்துக் கழுவித் தள்ளுங்கள் என்று குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் கண்ணில் கதவோரமாக இரண்டு நத்தைகள், ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்று ஊதாவும் ஒன்று சிவப்புமாகத் தட்டுப்பட்டன. சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனான். அவனுக்கு இரண்டு குடும்பம் என்பது அன்றைக்குத்தான் கேம்புக்குத் தெரியும்.

சமையல்காரர் கனி ராவுத்தருக்குத்தான் சங்கடம். கம்பம் ஊரில் அவருக்காகக் காத்திருந்தது அவருடைய அம்மா. அந்தம்மா வெள்ளைத் துப்பட்டியைத் தவிர வேறெதுவும் உடுத்துவதில்லை. அவர் பங்கு நத்தை எப்போதும் போல வெள்ளையாகவே இருந்தது. "எனக்கு அதிசயம் நடந்துச்சா நடக்கலையான்னு அல்லாவுக்குத்தான் வெளிச்சம்" என்று சொல்லிக்கொண்டு, ஆனாலும் தினமும் அதற்கு முன்னால் போய் நின்றுவிட்டு வருவார்.

வெயில் காலம் வந்தபோதுதான் வெள்ளையின் அருமை தெரிந்தது. வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அடித்துவிட்டு உயிரோடு இருந்தது. கருநீலமும் கருஞ்சிவப்பும் சூட்டைக் குடித்துக் குடித்து உள்ளேயே வெந்தன. சித்திரை முடிவதற்குள் மூன்று நத்தைகள் காலி ஓடாகி உதிர்ந்தன. ஊரில் அந்த மூன்று பொம்பளைகளுக்கும் ஒரு தலைவலி கூட இல்லை. ஆனால் அவர்களுடைய ஆட்கள் மூன்று பேரும் கண்ணவிந்தவர்கள் மாதிரித் திரிந்தார்கள். மற்றவர்கள் சாக்குகளைக் கிழித்து வேலிக்குப் பந்தல் கட்டினார்கள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் முறை வைத்து அதை நனைத்தார்கள், ராத்திரி போனில் பேசும்போது எல்லாரும் ஒரே சொல்லாக, "வெயில் தாழுற வரைக்கும் வெளிர் கலராக் கட்டு" என்று கெஞ்சினார்கள். இத்தனை தூரத்தில் இருக்கிற புருஷனுக்கு நம் புடவை நிறத்தில் என்ன வந்தது என்று பொம்பளைகளுக்கு விளங்கவில்லை. காரணத்தைச் சொல்ல இவர்களுக்கும் வாய் வரவில்லை. என்றாலும் அந்தக் கோடை முழுக்க வேலி பிஸ்கட் நிறமும் சந்தன நிறமுமாக உயிர் பிழைத்துக் கிடந்தது.

இப்படியே ஆடி போய், ஐப்பசி போய், தை வந்தது.

தையில் மறுபடியும் மழை, கூடவே எலும்பைத் துளைக்கிற குளிர்க்காற்று. ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் கேம்பிலிருந்து ஏதோ சாமான் வாங்க வந்த ஆள் ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், திரும்பிப் போக, டவுனிலிருந்து வந்த தண்ணீர் லாரியின் பின்னால் நனைந்து நின்றபடி பற்கள் கிடுகிடுக்க நடுங்கிக்கொண்டிருந்தார். சேவுகன் தன் ஜெர்கினைக் கழற்றி மேலே எறிந்தான். "போட்டுக்கங்கண்ணே. நாளைக்கு லாரில கொடுத்து விடுங்க." அவர் போட்டுக்கொண்டு கையைத் தூக்கிக் காட்டினார். பெயரைக் கேட்கவில்லை. அடையாள அட்டை ஜெர்கினின் உள்பையில் இருப்பதும் அப்போது நினைவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே காற்றில் செல்போன் டவர் சாய்ந்து, ஏழாம் கேம்புக்கும் உலகத்துக்கும் பேச்சு அறுந்தது. லாரியும் வரவில்லை. ரோட்டில் தண்ணீர் போகிறது என்றார்கள்.

சனிக்கிழமை காலையில் அழகுநாச்சியின் நத்தை வெள்ளையாக இருந்தது.

சேவுகன் முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். துடைத்துவிட்டுப் பார்த்தான். எச்சில் தொட்டு ஓட்டைத் தேய்த்துப் பார்த்தான். வெங்காயமும் இல்லை, பச்சையும் இல்லை, நைட்டிப் பூவும் இல்லை; ஒரு கரை, ஒரு புள்ளி இல்லாத வெறும் வெள்ளை. செருப்பு எந்தக் காலுக்கு எது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அதிசயம் விட்டுப் போயிருக்கும்ப்பா. பாலைவனத்து நத்தைன்னா வெள்ளைதானே. பழைய கலருக்குத் திரும்பிருச்சு" என்றான் அருளப்பன்.

"மத்ததெல்லாம் திரும்பலையே" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"இந்தக் காலத்துல எவ வெள்ளை கட்டுறா?"

சேவுகன் செருப்பைக் கீழே போட்டான். "எங்க ஊர்ல கட்டுவாக" என்றான். "சேதி வந்த மூணாம் நாளு தாலியை இறக்கிட்டு வெள்ளை கொடுத்துருவாக."

"யாரு சேதி?"

எல்லாரும் சேவுகனைப் பார்த்தார்கள். அவனும் குனிந்து தன் கையையும் காலையும் பார்த்துக்கொண்டான்.

அன்றைக்குக் கேம்பு நடந்துகொண்ட விதம்தான் அவனை இன்னும் உலுக்கிவிட்டது. ஒருவரும் கிண்டல் செய்யவில்லை, ஒருவரும் மறுத்தும் பேசவில்லை. ஒருவர் பின் ஒருவராக வந்து அவனிடமே துக்கம் கேட்டார்கள். "நல்ல மனுசன்யா நீ" என்று ஒருவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு விசும்பினான். கனி ராவுத்தர் பெரிய கரண்டியால் சோறு போட்டு, "சாப்பிடு தம்பி, இருக்கிற வரைக்கும் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். ராத்திரி அவன் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் பாயை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். சேவுகன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான். அடித்துக்கொண்டுதான் இருந்தது.

திங்கட்கிழமை ரோடு வடிந்தது. அருளப்பன் லாரியை எடுத்து, அறுபது கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருந்த கம்பெனி ஆபீசுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனான். டவுன் வந்ததும், சார்ஜ் தீர்ந்த தன் போனை விட்டு அருளப்பனின் போனில் அழகுநாச்சியின் நம்பரை அழுத்தினான். சுவிட்ச் ஆஃப். பத்து தடவை அழுத்தினான். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

ஆபீசில் ஒரு கிளார்க், கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, பேரைக் கேட்டு, கம்ப்யூட்டரைப் பார்த்து, மறுபடி பேரைக் கேட்டார். பிறகு எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே ஜெர்கின். சேறு காய்ந்து விறைத்திருந்தது.

"போன செவ்வாய்க்கிழமை லாரி பள்ளத்துல கவிழ்ந்துச்சு. டிரைவர் பிழைச்சான், இன்னும் நினைவில்லை. இன்னொரு ஆள் செத்தாச்சு. பையில இந்த அட்டை இருந்துச்சு. வீட்டுக்குச் சொல்லியாச்சு. சேவுகப்பெருமாள் பைலை மூடியாச்சு" என்றார் கிளார்க், அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில்.

"சார், நான்தான் சேவுகப்பெருமாள். உயிரோட நிக்கிறேன்."

"தெரியுது. ஆனா ஆஸ்பத்திரியில ஒரு பிணம் இருக்கு. அதுக்கு ஒரு பேர் வேணும். உன் பேரை நீ எடுத்துக்கிட்டா அது பேரில்லாமப் போயிரும். வேற பேர் கொண்டுவா, இதைத் திருப்பித் தர்றேன்."

லாரியின் பின்னால் நின்று கையைத் தூக்கிக் காட்டிய முகம் அப்போதுதான் சேவுகனுக்குத் திரும்பி வந்தது. அவன் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பதாம் கேம்புக்குப் போனபோது மதியம் இரண்டு மணி. ஆட்கள் வேலைக்குப் போகாமல் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். சேவுகன் இறங்கி, தன் பெயரைச் சொன்னதும், இருபது பேரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். காத்தமுத்து என்கிற தலைநரைத்த ஆள் முன்னால் வந்து, அவன் காலில் விழப்போனார். சேவுகன் பின்னால் துள்ளினான்.

"தெரியும் தம்பி" என்றார் காத்தமுத்து. "செத்தது மாயழகு. கமுதிப் பக்கம். நாங்கதான் பள்ளத்துலயிருந்து தூக்குனோம். ஆபீஸ்காரன் உன் அட்டையைப் பார்த்து உன் பேரை எழுதினப்போ நாங்க வாயைத் தொறக்கலை."

"ஏன்?" என்றான் சேவுகன். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான். "ஏன்யா? என் பொண்டாட்டி வெள்ளை கட்டி உக்காந்திருக்கா!"

"நீ போன் போட்டு, நான் இருக்கேன்னு சொல்லிருவன்னு நினைச்சோம். டவர் சாஞ்சது தெரியாது. சத்தியமாத் தெரியாது." அவர் சட்டையை விடுவித்துக்கொள்ள முயலவில்லை. "வா. ஒண்ணு காட்டுறேன்."

அங்கேயும் கம்பிவேலிதான். அங்கேயும் நத்தைகள்தான். ஆறாவது கம்பத்தில், மற்றவற்றுக்கெல்லாம் மேலே, ரோஜா நிறத்தில் வெள்ளைப் புள்ளி வைத்து ஒரு நத்தை. பளிச்சென்று இருந்தது, புதுத்துணிக்கே உரிய மினுமினுப்போடு.

"மாயழகு சம்சாரம். வர்ற வெள்ளிக்கிழமை மக கல்யாணம். லீவு கேட்டான், கிடைக்கலை. பந்தக்கால் ஊன்றியாச்சு. இன்னைக்கு நலுங்கு போல, புதுசு கட்டியிருக்கு அந்தம்மா. மாப்பிள்ளை வீடு ஒரு மாதிரியான வீடு. அப்பன் செத்தான்னு தெரிஞ்சா கல்யாணத்தை நிறுத்திருவாங்க, நின்னது நின்னதுதான். சனிக்கிழமை காலைல பொண்ணு மறுவீடு போயிரும். அதுவரைக்கும்... நாலு நாள் தம்பி."

அந்த ரோஜா நிறத்தைச் சேவுகனால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நலுங்குமாவு கரைத்துக்கொண்டிருக்கிறாள், அவள் சிரிப்புக்கு அடியில் தரை இல்லை, அது இங்கே இருபது ஆண்களுக்கும் இப்போது தனக்கும் தெரியும், அவளுக்குத் தெரியாது. வேலியை விட்டு விலகி, போன் பேச இடம் எங்கே என்று கேட்டான்.

தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்றார்கள். ஏறினான். இந்தத் தடவை மணி அடித்தது.

"யாரு?" அழகுநாச்சியின் குரல் கட்டிப்போயிருந்தது.

"அழகு, நான்தான்."

அவள் வெடித்தாள். "எவன்டா நீ? செத்த மனுசன் குரல்ல பேசுறியே, நீ விளங்குவியா?"

"வச்சிராத புள்ள. கோடையில உன்னை வெளிர் கலராக் கட்டச் சொன்னேனா? ஏன்னு கேட்டியே, நான் சொல்லலையே. இங்க வேலில ஒரு நத்தை இருக்கு, நீ கட்டுறதை அது கட்டுது. கார்த்திகை மாசம் களையெடுக்கப் போறப்ப என் நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கிட்டுத்தானே போன? பத்து நாள் பார்த்தேன். பதினோராம் நாள் வேற சட்டை. என்னடான்னு நினைச்சேன்."

"பொத்தான் அறுந்துருச்சு" என்றாள் அழகுநாச்சி. அப்புறம் அழுதாள். அந்த அழுகையை அவன் இதற்குமுன் கேட்டதில்லை. அழுகையா இருமலா என்று தெரியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அவனும் அழுதான். கீழே இருபது பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

எல்லாவற்றையும் சொன்னான். ஜெர்கினை, கிளார்க்கை, மாயழகை, ரோஜா நிற நத்தையை. சொல்லி முடித்து, "நான் இப்பவே ஆபீசுக்குப் போறேன். அந்தப் பேரைச் சொல்லிட்டு என் பேரை வாங்கிர்றேன். நீ அந்தப் புடவையை அவுத்து எறி" என்றான்.

"எங்கிட்டு மாமா போறீக?" என்றாள். "நில்லுங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாளு?"

"நாலு."

"நாலு நாளுதானே. நான் இப்படியே இருந்துக்கிறேன்."

சேவுகனுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது. "என்ன சொல்ற?"

"நான் கலர் கட்டுனா ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிஞ்சா, அப்பச் செத்தது யாருன்னு கேட்பாக. கமுதி என்ன அமெரிக்காவா, பஸ்ல போனா மூணு மணி நேரம். பதினாறு நாள் கருமாதிக்கு இன்னும் நாள் கிடக்கு. அத்தைகிட்ட மட்டும் சொல்றேன், பாவம், சாப்பிடாமக் கிடக்குறாக. மத்தவுகளுக்கு வேணாம். வர்றவுக கட்டிப்பிடிச்சு அழுதா நானும் அழுதுட்டுப் போறேன். எனக்குத்தான் நீங்க இருக்கீகல்ல."

ஒன்பது வருஷமாகத் தன் பெண்டாட்டியைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவளோடு வாழ்ந்தவன் வேறு யாரோ மாதிரி இருந்தது.

அவன் ஒன்பதாம் கேம்பிலேயே தங்கிவிட்டான். செவ்வாய்க்கிழமை ரோஜா போய் மஞ்சள் வந்தது. வியாழக்கிழமை மாம்பழ நிறம். வெள்ளிக்கிழமை விடியும்போது எல்லாரும் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஆறாவது கம்பத்துக்கு முன்னால் வந்து நின்றார்கள். ஊரில் முகூர்த்தம் ஒன்பதரைக்கு. கேம்பு நேரப்படி ஏழு மணிக்கு, ஓட்டின்மேல் அரக்கு நிறம் மெதுவாக ஏறியது, விளிம்பில் விரல்கடை அகலத்துக்குச் சரிகை ஓடியது, வெயில் பட்டதும் அந்தச் சின்ன ஓடு கண்ணைக் கூசுகிற மாதிரி ஜொலித்தது. யாரோ இரண்டு அரிசியைத் தூக்கிப் போட்டார்கள். சமையல்காரர் கேசரி கிண்டியிருந்தார். கல்யாணச் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்பதற்காக எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் வாங்கி, விழுங்க முடியாமல் விழுங்கினார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சேவுகனும் காத்தமுத்துவும் ஆபீசில் மாயழகின் பெயரைச் சொன்னார்கள். ஊர் கேட்டார், அப்பா பெயர் கேட்டார், எழுதினார் கிளார்க். சேவுகன் அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அது கனத்தது.

மத்தியானமே அழகுநாச்சிக்குப் போன் போட்டு, "முடிஞ்சுது" என்றான். "சரி மாமா" என்றாள், அவ்வளவுதான்.

ஏழாம் கேம்பு அவனைச் செத்துப் பிழைத்தவனாக வரவேற்றது. பாயைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் வெட்கப்பட்டுத் திரும்பி வந்தார்கள். கனி ராவுத்தர் பிரியாணி போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது பேரும் அவனை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்கள், என்ன நிறமாக இருக்கும் என்று பந்தயம் கூடக் கட்டிக்கொண்டார்கள்.

நத்தை வெள்ளையாகவே இருந்தது.

திங்கட்கிழமையும் வெள்ளை. பந்தயம் கட்டியவர்கள் காசைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டார்கள். ஒன்பதாம் கேம்பிலிருந்து வந்த ஆள், மாயழகு சம்சாரத்தின் நத்தை சனிக்கிழமை கட்டிய பச்சைச் சேலையிலேயே இருக்கிறது, மாற்றவே இல்லை என்று சொன்னான். சேவுகன் வேலிக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். ஊர் நம்பவில்லையா, இல்லை, வெள்ளையை அவுக்க விடவில்லையா, இல்லை, ஒருவேளை தான் உண்மையிலேயே அந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறோமா? செவ்வாய்க்கிழமை டவர் நிமிர்ந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஏன் இன்னும் வெள்ளையில இருக்க?" என்று கத்தினான்.

"கத்தாதீக மாமா. கமுதிலயிருந்து இப்பத்தான் பஸ் விட்டு எறங்குனேன்."

"கமுதியா?"

"அந்தக்கா வீட்டுக்குத்தான். ரெண்டு நாளு கூட உக்காந்திருந்தேன். கலரைக் கட்டிக்கிட்டு எப்படிப் போறது? அந்த வெள்ளையோடதான் போனேன். யாரு நீன்னு கேட்டாக, எல்லாத்தையும் சொன்னேன். நத்தையையும் சொன்னேன். அந்தக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. நான் பட்டுக் கட்டிக்கிட்டு மணவறைக்கிட்ட நின்னப்ப, உங்களுக்கெல்லாம் தெரியுமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியும்னு சொன்னேன்."

"அடிப்பாவி."

"பொய் சொல்லவா அம்புட்டுத் தூரம் போனேன்?"

"அவுக என்ன சொன்னாக?"

அவள் பஸ் ஸ்டாண்டின் இரைச்சலை விட்டுத் தள்ளி வந்து பேசினாள்.

"ஒண்ணும் சொல்லலை மாமா. என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. நான் எந்திரிச்சுப் போயிரலாம்னு நினைச்சேன். அப்புறம் அதுவா எந்திரிச்சு, உள்ள போயி, ஒரு இலையைப் போட்டு என்னைச் சாப்பிட உக்கார வச்சுச்சு. கல்யாணத்துக்குச் சுட்ட அதிரசத்துல ரெண்டு மிச்சம் இருந்துச்சு. ஒண்ணை எனக்கு வச்சுட்டு, ஒண்ணை அது தின்னுச்சு."